உங்கள் கடைச் சுவர் யாருக்குச் சாட்சி?



“சுவரில் படம் வரைந்துவிட்டால் போன உயிர் திரும்பி வந்துவிடுமா?”

ஜார்ஜ் ஃபிளாய்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது வணிகச் சகோதரர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்துப் பழகிய மனிதரின் கேள்வி அது. போட்ட முதலுக்கு என்ன வரும் என்று கேட்பவர்தானே வியாபாரி? அன்றைக்கு நம்மால் அவருக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் தலையங்கத்தை அவருக்குத் தரும் பதிலாகவே எழுதுகிறோம். சுவரைக் கண்டால் தூரிகையைத் தேடும் நம் இளைஞர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம்.

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில், 38ஆவது தெருவின் முனையில் இருந்த ஒரு கடைக்கு சிகரெட் வாங்க வந்தார் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பின மனிதர். அவர் கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ளநோட்டு என்று கடையில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. காவல்துறைக்குத் தொலைபேசி போனது. வந்த காவலர்களில் டெரிக் ஷாவின் என்ற வெள்ளையர், கைகளில் விலங்கு மாட்டப்பட்டுத் தார்ச்சாலையில் குப்புறக் கிடந்த அந்த மனிதரின் கழுத்தின் மேல் தன் முழங்காலை ஊன்றினார். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் அல்ல, 9 நிமிடம் 29 வினாடி! மூச்சுவிட முடியவில்லை என்று கதறி, பெற்ற தாயை அழைத்து, அந்த உயிர் பிரிந்தது. சுற்றி நின்றவர்கள் கெஞ்சினார்கள். காவலர் காலை எடுக்கவில்லை. 17 வயதுப் பெண் ஒருத்தி தன் கைப்பேசியில் அதைப் படம் பிடித்தாள். அவள் மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால்? மருத்துவக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்றுதான் காவல்துறையின் முதல் அறிக்கை சொன்னது! அந்தப் பெண்ணின் படம் உலகைக் குலுக்கிய பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 2021 ஏப்ரல் 20 அன்று ஷாவின் கொலைக் குற்றவாளி என்று ஜூரி அறிவித்தது. இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இவையெல்லாம் நாளேடுகளில் வந்தவை, நீங்கள் அறிந்தவை. நம்மில் பலர் அறியாத, அறிந்தும் பேசத் தயங்குகிற செய்தி ஒன்று உண்டு.

அந்தக் கடை ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடை!

ஆம் சகோதரர்களே! பாலஸ்தீனத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அது. முப்பது ஆண்டுகளாக அந்தத் தெருமுனையில் வியாபாரம் செய்துவந்தார்கள். வாடிக்கையாளர்களில் பெரும் பகுதியினர் கறுப்பின ஏழைகள். முதலாளி அன்று கடையில் இல்லை. கொன்றது காவலர்தான், கடைக்காரர் அல்ல என்பதில் நமக்கு ஐயமில்லை. பிற்பாடு அந்தக் குடும்பத்தார் வெளிப்படையாக வருந்தினார்கள். அடிதடி இல்லாத விவகாரங்களுக்கு இனிக் காவல்துறையை அழைப்பதில்லை என்றும் அறிவித்தார்கள். அவர்கள் மீது கல்லெறிய நாம் வரவில்லை. ஆனாலும், சொந்த மண்ணில் வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு முன்னால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் நடத்திய கடையிலிருந்து இன்னொரு ஒடுக்கப்பட்டவனைப் பிடிக்கச் சொல்லித் தொலைபேசி போனது என்ற உண்மை நெஞ்சில் தைக்கிறதா இல்லையா?

நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அந்தக் கடைப் பையனின் வாக்குமூலத்தையும் கேளுங்கள். அவனுக்கு வயது 19. நோட்டை வாங்கியபோதே அது கள்ளநோட்டாக இருக்கலாம் என்று தோன்றியதாம். கள்ளநோட்டை வாங்கிய ஊழியரின் சம்பளத்தில் அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்வது கடையின் வழக்கம். தன் கணக்கிலேயே எழுதிவிடலாமா என்று அவன் முதலில் நினைத்திருக்கிறான். பிறகு மேலாளரிடம் சொன்னான். அவர் இவனை வெளியே அனுப்பி ஃபிளாய்டைக் கூட்டிவரச் சொன்னார். அவர் வரவில்லை. உடன் வேலை செய்த ஒருவர் போலீசை அழைத்தார். ‘அந்த நோட்டை நான் வாங்காமலே இருந்திருந்தால் இது நடந்திருக்காதே’ என்ற குற்ற உணர்வோடு அந்தப் பையன் நீதிமன்றத்தில் நின்றான்.

20 டாலர்! யாருடைய பையிலிருந்து போவது என்ற கணக்கு ஒரு மனிதனின் கழுத்து வரை போனது. வியாபாரிகளே, கடையின் சட்டதிட்டம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற விஷயம் எங்கே போய் முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் வணிகச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

ஃபிளாய்டு இறந்த மூன்றாம் நாளே அதே கடையின் பக்கவாட்டுச் சுவரில் ஓவியர்கள் மூவர், நண்பர்களின் துணையோடு, அவருடைய முகத்தை வரைந்தார்கள். முகத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சூரியகாந்திப் பூ. அந்தப் பூவின் நடுவே விதைகள் இருக்கவேண்டிய இடத்தில், காவலர்களின் கையால் மாண்ட மற்ற கறுப்பின மக்களின் பெயர்கள். ஒருவரின் சாவை மட்டும் வரையாமல், அது எந்த வரிசையில் வந்த சாவு என்பதையும் சேர்த்து வரைந்தார்கள். மக்கள் வந்து பூக்களை வைத்தார்கள். பூக்கள் குவிந்து தெரு அடைபட்டது. ஓராண்டுக்கு மேல் அந்தச் சந்திப்பில் வாகனங்களை விடாமல் குடியிருப்போர் தடுப்பு வைத்துக் காத்தார்கள். நகராட்சியிடம் 24 கோரிக்கைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பட்டியலுக்குப் பதில் சொல்லாமல் தெருவைத் திறக்க முடியாது என்றார்கள். பாருங்கள், அழுவதற்காகக் கூடிய இடம் கோரிக்கை வைக்கும் இடமாக மாறிவிட்டது. கூடுவதற்கு ஓர் இடத்தைக் காட்டியது அந்தச் சுவர்.

அந்த முகம் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. சிரியாவின் இத்லிப் பகுதியில் பின்னிஷ் என்ற ஊர். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் மிச்சச் சுவர்களில் வரைபவர் அஸீஸ் அஸ்மர். தம் வீட்டையே காக்க முடியாத மக்கள் நடுவே நின்று அவரும் நண்பரும் ஃபிளாய்டின் முகத்தை வரைந்தார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் லாரிகளுக்கு வண்ணம் தீட்டும் ஹைதர் அலி, தம் வீட்டுச் சுவரிலேயே, மயிலும் ரோஜாவும் வரையும் அதே லாரி வண்ணங்களில் அந்த முகத்தைத் தீட்டினார். பெத்லகேமில் இஸ்ரேல் எழுப்பிய பிரிவினைச் சுவரிலும் அது தோன்றியது. அதே மே மாதம் 30ஆம் தேதி, ஜெருசலேமின் பழைய நகரில், ஆட்டிசம் குறைபாடுள்ள இயாத் அல்-ஹல்லாக் என்ற பாலஸ்தீன இளைஞரை இஸ்ரேலியக் காவலர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பாலஸ்தீனர்களுக்கு ஃபிளாய்டு யார் என்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வழக்கம் 2020இல் முளைத்ததல்ல. அதன் வேரைத் தேடினால் சிகாகோ நகரில் போய் நிற்போம். அங்கேயும் முஸ்லிம் பெயர்கள் நம்மை எதிர்கொள்கின்றன.

1967. அமெரிக்க நகரங்கள் பற்றி எரிந்த கோடைகாலம். சிகாகோவின் தென்பகுதியில் 43ஆவது தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு பழைய கட்டடம். கீழே மதுக்கடை. இடித்துத் தள்ளப்போகிறார்கள் என்று பேச்சிருந்த வட்டாரம் அது. அந்தச் சுவரில் வரையலாம் என்று முதலில் சொன்னவர் வில்லியம் வாக்கர். கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கியிருந்த அமைப்பு ஒன்று அவரோடு கைகோத்தது. கட்டட உரிமையாளரிடம் முறையான அனுமதி கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. ஆனால் தெருவில் குடியிருந்தவர்களிடம் கேட்டார்கள். அந்தத் தெருவைத் தங்கள் பிடியில் வைத்திருந்த முரட்டு இளைஞர் கூட்டத்திடமும் சொல்லிவிட்டுத்தான் சாரம் கட்டினார்கள். யாரும் தன் பெயரைச் சுவரில் எழுதிக்கொள்ளக் கூடாது என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள்.

சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தங்கள் சமுதாயத்தின் பெருமைக்குரியவர்களை வரைந்தார்கள். சில இடங்களில் புகைப்படங்களையே பதித்தார்கள். பாடகர்கள், இசைக்கலைஞர்கள், கவிஞர்கள், தலைவர்கள், விளையாட்டு வீரர்கள். பள்ளிப் புத்தகத்தில் இல்லாத முகங்கள், தொலைக்காட்சியில் வராத முகங்கள். ‘மரியாதைச் சுவர்’ என்று அதற்குப் பெயர் வந்தது. தெருவின் பிள்ளைகள் அதைக் காவல் காத்தார்கள்; வந்து பார்த்தவர்களுக்கு யார் எவர் என்று விளக்கினார்கள்.

தலைவர்களின் வரிசையில் மால்கம் எக்ஸ் இருந்தார். 1964இல் ஹஜ்ஜுக்குச் சென்று, எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்பதைக் கண்டு மனம் மாறித் திரும்பியவர். 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். வீரர்களின் வரிசையில் முஹம்மது அலி! அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று அலி மறுத்தது 1967 ஏப்ரல் 28. உலக வீரர் பட்டத்தைப் பறித்தார்கள். ஜூன் மாதம் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் வெளியே இருந்தார், ஆனால் மேடையேற விடவில்லை. பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று ஏசிக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் ஏழைத் தெரு ஒன்று தன் சுவரில் அவரை ஏற்றி வைத்து, இவர்தான் எங்கள் வீரர் என்றது. உச்ச நீதிமன்றம் அலியை விடுவித்தது 1971 ஜூனில். சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன! அதே வரிசையில் லூ அல்சிண்டர் என்ற கல்லூரிக் கூடைப்பந்து வீரரும் இருந்தார். சில காலத்திற்குள் இஸ்லாத்தை ஏற்று, கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறியும் பெயரைப் பெற்றவர் அவர்தான்.

அந்தச் சுவரில் ஒரு சண்டையும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வாக்கர் தமக்குரிய பகுதியில் முதலில் எலிஜா முஹம்மதை வரைந்திருந்தார். இஸ்லாத்தின் பெயரைத் தாங்கியிருந்தும் நிறத்தை வைத்தே மனிதனை எடைபோட்ட, அதனால் இஸ்லாத்தின் அடிப்படையிலிருந்தே விலகி நின்ற ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பின் தலைவர் அவர். மால்கம் அந்த அமைப்பிலிருந்து வெளியேறியவர். மால்கமின் படம் இருக்கும் சுவரில் எங்கள் தலைவரின் படம் இருக்கக் கூடாது என்று ஆட்சேபம் வந்தது. வாக்கர் அந்த முகத்தை அழித்துவிட்டு, 1831இல் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ந்தெழுந்த நாட் டர்னரை வரைந்தார். இன்னொரு பகுதியை ஓவியர்களே தங்களுக்குள் பிணங்கி வெள்ளையடித்து மீண்டும் வரைந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அந்தச் சுவரில் இடமே தரவில்லை. அவர் மிதவாதி என்பது அன்றைய இளைஞர்களின் எண்ணம். அடுத்த ஏப்ரலில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எதிரி வெளியே துப்பாக்கியோடு நிற்க, உள்ளே யாருடைய தலைவர் படம் எங்கே என்ற வழக்கு! இது நமக்குப் பழக்கமில்லாத சங்கதியா? எந்தச் சுவரை எந்த இயக்கம் சுண்ணாம்பு அடித்துப் பிடித்து வைத்திருக்கிறது என்று இரவு முழுக்கக் காவல் இருக்கும் நம் இளைஞர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தால், கொஞ்சம் வெட்கத்தோடு சிரிக்கட்டும்.

நான்கே ஆண்டுகள்தான் அந்தச் சுவர் இருந்தது. 1971இல் தீப்பிடித்தது, கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் வாக்கரும் தோழர்களும் டெட்ராய்ட் நகரில் ‘கண்ணியச் சுவர்’ எழுப்பியிருந்தார்கள். செயின்ட் லூயிஸ், அட்லாண்டா, ஃபிலடெல்ஃபியா என்று நகரத்துக்கு நகரம் மரியாதைச் சுவர்கள் எழுந்தன. மெக்சிகோ வழிவந்த மக்களும் பிறரும் தங்கள் தெருக்களில் இதைத் தொடர்ந்தார்கள்.

இதோடு ஒப்பிட இன்னொன்றைச் சொல்லவேண்டும். 2020 ஜூன் 5 அன்று தலைநகர் வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்குச் செல்லும் வீதியிலேயே, ‘கறுப்பின உயிர்கள் முக்கியம்’ என்ற முழக்கத்தை மஞ்சள் எழுத்துகளில் பிரம்மாண்டமாக எழுத வைத்தார் நகர மேயர். உலகமே படம் எடுத்தது. அந்த நகரத்தில் போராடிக்கொண்டிருந்தவர்களோ அன்றே முகம் சுளித்தார்கள். காவல்துறைக்கான செலவைக் குறையுங்கள் என்று கேட்டால் தரையில் வண்ணம் பூசுகிறார்களே என்றார்கள். 2025 மார்ச்சில், நாடாளுமன்றத்தில் நிதியை நிறுத்துவோம் என்று மிரட்டும் மசோதா வந்ததும், அதே மேயரின் நிர்வாகம் அந்த எழுத்துகளை இயந்திரம் வைத்துப் பெயர்த்து எடுத்தது. நகராட்சிக் கணக்கில் வாங்கிய வண்ணம், நகராட்சிக் கணக்கிலேயே போயிற்று!

அரசு தந்தால் அரசு எடுக்கும். தெரு தந்ததை எடுக்க ஒன்று தீ வர வேண்டும், அல்லது தெருவே மறக்க வேண்டும்.

இங்கே சில சகோதரர்களுக்கு ஒரு சங்கடம் எழும். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி மார்க்கத்தில் கடுமையான எச்சரிக்கை இருக்க, இந்தப் பத்திரிகை முகம் வரைவதைப் பாராட்டுகிறதா என்று கேட்பீர்கள். நியாயம். நாம் ஃபத்வா கொடுக்க வரவில்லை. அதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முகம் வரையாமலே சுவரைப் பேச வைக்க முடியும் என்பதற்கு மட்டும் ஒரு சான்று சொல்வோம். துனீசியாவின் காபிஸ் நகரில் ஜாரா பள்ளிவாசலின் மினாரா 57 மீட்டர் உயரம். வெறும் சிமெண்டுச் சுவராக நின்றிருந்தது. பிரான்சில் பிறந்த துனீசியரான எல் சீட் என்ற கலைஞர், அந்தப் பள்ளியின் இமாமுடைய ஒப்புதலோடு 2012இல் அதன் மேல் அரபு எழுத்துகளை வரைந்தார். எந்த வசனம் தெரியுமா? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆவது வசனம்! மனிதர்கள் இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான், இறையச்சம்தான் உயர்வு என்று அறிவிக்கும் வசனம். நிறவெறிக்கு எதிராக அதைவிட உயரமான சுவரெழுத்து உலகில் உண்டோ, நாம் அறியோம்.

மினாராவில் எழுதுவது ஒரு பங்கு. கடைக்குள் கடைப்பிடிப்பது மறுபங்கு. மக்கா வெற்றி நாளில் கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லப் பணிக்கப்பட்டவர் கறுப்பு அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பிலால் (ரலி) என்று நாம் ஜும்ஆதோறும் கேட்கிறோம். அபூதர் (ரலி) போன்ற மேன்மையான தோழரே ஒரு முறை கோபத்தில் மற்றொருவரின் தாயைக் குறித்து இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறதே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்பதையும் அறிவோம். அறிந்தவர்களின் கடைகள் எப்படி இருக்கின்றன?

மறுபடியும் சிகாகோவுக்கே வாருங்கள். அதன் தென்பகுதியில் கறுப்பின ஏழைகள் வாழும் தெருக்களில் மூலைக்கடைகள் பலவற்றை அரபு முஸ்லிம்கள் நடத்தினார்கள். குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் கல்லா. அலமாரியில் மதுவும் சிகரெட்டும் லாட்டரிச் சீட்டும். காய்கறியும் பழமும் தேடினாலும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் முதல் வரிசை, மற்ற நாட்களில் ஏழையின் கூலியை மதுப்புட்டிக்கு வாங்கிப் போடும் கல்லா! மேலே பார்த்தோமே, அந்த மரியாதைச் சுவரும் ஒரு மதுக்கடைக்கு மேலேதான் இருந்தது. கொடுமை என்னவென்றால், பின்னாளில் அதே தெருக்களில் அந்தக் கடைகளில் பலவற்றுக்கு நம் பெயர் கொண்டவர்கள் முதலாளிகள்.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் முஸ்லிம்கள்தான் என்பது நமக்கு ஆறுதல். பாலஸ்தீன வம்சாவளியினரான ராமி நஷாஷிபியும் தோழர்களும் 1990களில் ‘இமான்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கறுப்பின முஸ்லிம்களும் குடியேறிய முஸ்லிம்களும் அதில் ஒன்றாக நின்றார்கள். வாருங்கள், உங்கள் கடையைத் திருத்துங்கள், மதுவை எடுத்துவிட்டுப் பழம் வையுங்கள், வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று கடைக்காரர்களிடம் போய் நின்றார்கள். எளிதில் கேட்டிருப்பார்களா? மதுவில்தானே லாபம்! ஆனாலும் விடவில்லை. 2022இல் எங்கிள்வுட் என்ற பகுதியில் காய்கறியும் பழமும் விற்கும் கடையைத் தாங்களே திறந்து காட்டினார்கள்.

அந்த இமான் அமைப்பு செய்த இன்னொரு பணியைக் கேளுங்கள். 1966 ஆகஸ்ட் 5 அன்று, கறுப்பினத்தவருக்கு வீடு மறுக்கும் கொடுமையை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் மார்க்வெட் பூங்கா வழியாக ஊர்வலம் சென்றார். ஆயிரக்கணக்கான வெள்ளையர்கள் திரண்டு கல்லெறிந்தார்கள். ஒரு கல் கிங்கின் தலையில் பட்டது. தென் மாநிலங்களில்கூட இப்படியொரு வெறுப்பைத் தாம் கண்டதில்லை என்று அவர் சொன்னார். அந்த இடத்தில் ஐம்பது ஆண்டுகளாக ஓர் அடையாளமும் இல்லை. 2016இல், சரியாக அதே ஆகஸ்ட் 5இல், அங்கே நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. முன்னின்று செய்தவர்கள் இமான் அமைப்பின் முஸ்லிம்கள்! செங்கல்லில் செதுக்கிய தூண்கள். சுற்றிலும் அப்பகுதிப் பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் கையாலேயே செய்து சுட்ட ஓடுகள். வடிவமைத்த இரு கலைஞர்களில் ஒருவர் ஜான் வெபர். அவர் யார்? மரியாதைச் சுவரை வரைந்த அதே வில்லியம் வாக்கரோடு சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் சிகாகோவில் சுவரோவியக் குழுவைத் தொடங்கியவர். 1967இல் சுவரில் இடம் மறுக்கப்பட்ட கிங்குக்கு, வாக்கரின் தோழர் கையாலேயே, முஸ்லிம்களின் முயற்சியில் இடம் கிடைத்தது.

வணிகச் சகோதரரே, போட்ட முதலுக்கு என்ன வந்தது என்று கேட்டீர்களே. உயிர் வரவில்லை. தண்டனையைக்கூட அந்தப் பெண்ணின் கைப்பேசியும் சாட்சிகளின் கண்ணீரும்தான் வாங்கித் தந்தன. சுவர் வாங்கித் தரவில்லை. சுவர் செய்தது வேறு வேலை. அந்தக் கடைக்குள் வந்துபோகும் ஒவ்வொருவருக்கும், கல்லாவில் நிற்கும் ஒவ்வொருவருக்கும், இங்கே என்ன நடந்தது என்பதை அது தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. செத்தவருக்காகச் சுவரைக் கொடுத்துவிட்டு, உள்ளே பழைய வழக்கத்திலேயே வியாபாரம் நடத்த முடியாது. சுவர் பார்த்துக்கொண்டிருக்கும்! கடையை மூடிய இரவிலும் பார்க்கும்.

ஆகவே இளைஞர்களே, எங்காவது ஓர் அநீதிக்காகச் சுவரில் எழுதப் புறப்படுகிறீர்கள் என்றால் சிகாகோவின் ஓவியர்களைப் போல முதலில் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். இயக்கத்தின் பெயரைப் பெரிதாகவும் அநீதியைச் சிறிதாகவும் எழுதாதீர்கள். பெயரே இல்லாவிட்டாலும் குறைந்துவிட மாட்டீர்கள். அநீதிக்கு ஆளானவர் முஸ்லிமாக இருந்தால்தான் சுண்ணாம்பு எடுப்போம் என்றும் இருக்காதீர்கள். ஃபிளாய்டு முஸ்லிம் அல்ல. பின்னிஷில் இடிபாட்டின் மேல் நின்று வரைந்தவர்கள் அதைக் கேட்கவில்லை.

வணிகப் பெருமக்களே, உங்களிடம் சுவரைக் கேட்டு இளைஞர்கள் வருவார்கள், வரட்டும். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, உங்கள் கடையில் நிற்கும் பையனைக் கூப்பிடுங்கள். அவன் வயதும் 19 ஆகத்தான் இருக்கும். “ஒரு ஏழை கள்ளநோட்டை நீட்டினால் என்ன செய்வாய், தம்பி?” என்று கேளுங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “முதலாளி, என் சம்பளத்தில் பிடிப்பீர்களா?” என்று திருப்பிக் கேட்டால், என்ன பதில் சொல்வீர்கள்?